பின் லோரோங்கில் தொங்கிய எவர்சில்வர் சட்டி

என் மகள் எங்கள் சமையலறைக் கூரையின் மேல் அந்தச் சட்டியைக் கட்டித் தொங்கவிட்ட நாள் அமாவாசை என்று எனக்குத் தெரியாது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பாலம் தாண்டி செபராங் ஜெயாவில் இருக்கும் கிளினிக்குக்கு வேலைக்கு ஓட வேண்டியதில்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் பின்வீட்டு அக்காவுக்குத் தெரியும். பஞ்சாங்கம் அச்சடிப்பவர்களுக்கே சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு லோரோங் ஓடுகிறது. பழைய வரிசை வீடுகளின் பின்னால் இருக்கும் ஒற்றைச் சந்து. மோட்டார் சைக்கிள் ஒன்று வந்தால் எதிரே வரும் பூனை ஒதுங்க வேண்டும். அவர் பின்கதவும் என் பின்கதவும் நேருக்கு நேர். அவர் வீட்டில் மிளகாய் வறுத்தால் என் வீட்டில் தும்மல். இத்தனை நெருக்கத்தில் இருந்துகொண்டு மூன்று தீபாவளியாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் புகை. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அவர் பின்கதவைத் திறந்து வைத்து, தட்டில் கரி நெருப்பைப் போட்டு, சாம்பிராணியை அள்ளிக் கொட்டுவார். கல்யாணம் ஒன்றுக்காக எடுத்துக் காற்றாடப் போட்டிருந்த என் பட்டுச்சேலையில் ஒரு நாள் கரித்தூள் வந்து உட்கார்ந்தது. போய்க் கேட்டேன். எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். என் வாய் அளவாகத்தான் இருக்கிறது, கேட்பவர்களுக்குத்தான் காது குட்டை. அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “வானத்துல போற பொகைக்கு நான் வேலியா போட முடியும்?” என்றார். வேலி வேண்டாம், உங்கள் வீட்டு ஹாலில் வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த வருஷம் அவர் முறுக்குப் போட்டுக் கொடுத்திருந்த தூக்குச்சட்டி என் வீட்டிலேயே தங்கிவிட்டது. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. நிரப்பிக் கொடுக்க எனக்கு மனசில்லை. ஆகவே அது அலமாரியின் மேல்தட்டில் உட்கார்ந்து மூன்று வருஷமாக என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

இப்போது சட்டிக்கு வருகிறேன். என் மகள் பல்கலைக்கழகத்தில் காற்றைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். தொழிற்சாலைகளில் செய்த சில சாமான்கள், பூச்சி மருந்து, பழைய மின்சாரப் பெட்டிகளில் ஊற்றிய எண்ணெய் மாதிரியானவை, லேசில் அழியாதாம். வெயிலில் ஆவியாக எழும்பிக் காற்றோடு போகும். குளிர்ந்த இடத்தில் இறங்கும். மறுபடி சூடானால் மறுபடி கிளம்பும். இப்படித் தத்தித் தத்திப் போய், ஒரு சொட்டு மருந்துகூட அடிக்காத பனி தேசத்தில் இருக்கும் கரடியின் கொழுப்பில்கூடச் சேர்ந்துவிடுகிறதாம். என் கணவர் சூலியா தெருவில் ஒரு பணமாற்றுக் கடையில் வேலை பார்ப்பவர். அவருக்கு எதையும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கத் தெரியும். பாஸ்போர்ட் இல்லாமலா இத்தனை நாடு தாண்டுகிறது என்று கேட்டார்.

அதைப் பிடிப்பதற்குத்தான் சட்டி. பெரிய எவர்சில்வர் கிண்ணம் ஒன்று கவிழ்ந்திருக்கும், அதற்குக் கீழே சின்னது ஒன்று நிமிர்ந்திருக்கும், நடுவில் வட்டமாக ஒரு ஸ்பாஞ்சு. நம் வீட்டு நாற்காலி மெத்தைக்குள் இருக்கிற அதே ஜாதி. இடுக்கு வழியாகக் காற்று போய் வரும், காற்றில் வருகிறது ஸ்பாஞ்சில் ஒட்டிக்கொள்ளும். மூன்று மாதம் தொங்க வேண்டும். ஒன்றைக் கொடிமலை உச்சியில் மாட்டினாள், ஒன்றைத் தாசேக் கெலுகோரில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக்காட்டு ஓரத்தில் மாட்டினாள். டவுனுக்கு ஒன்று வேண்டும், யாரும் திருடாத கூரையாக வேண்டும், அதற்கு எங்கள் வீடு. பக்கத்தில் எந்தப் புகையும் வரக்கூடாது என்று கட்டளை வேறு. பக்கத்துப் புகை ஸ்பாஞ்சை நிரப்பிவிட்டால் தூரத்திலிருந்து வந்தது எது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டமாம். வருஷக் கடைசியோடு படிப்புக்கு வரும் உபகாரச் சம்பளம் நின்றுவிடும், மூன்றில் ஒன்று கெட்டாலும் படிப்பு அரைகுறையாக நிற்கும் என்றாள். என் வீட்டில் கொசுவர்த்தியிலிருந்து ஊதுபத்தி வரைக்கும் அன்றே தடை செய்தேன்.

அவள் அதைக் கட்டிய விதத்தை நான் சொல்லியே ஆக வேண்டும். உச்சி வெயில். முகத்தை மூடி, கையில் நீல உறை மாட்டி, முடியை அள்ளிக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். பவுடரும் தலை எண்ணெயும் ஆகாது என்று என்னைத் தூரமாக நிற்கச் சொன்னாள். வெள்ளித்தாளில் சுற்றிய பொட்டலத்தைப் பிரித்து, இடுக்கியால் ஒரு ஸ்பாஞ்சை எடுத்து, வானத்துக்கு ஒரு தரம் காட்டினாள். காட்டிவிட்டு, திரும்பவும் பொட்டலமாகக் கட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அப்புறம் வேறொரு பொட்டலத்தைப் பிரித்து, அந்த ஸ்பாஞ்சைச் சட்டிக்குள் வைத்து மூடினாள். முதல் ஸ்பாஞ்சு எதற்கு என்று கேட்டேன். வழியிலேயே அழுக்குப் பட்டதா இல்லையா என்று சரிபார்க்கவாம், சும்மா காட்டிவிட்டு எடுத்துவிடுவதுதான் முறையாம். பெற்ற எனக்கே அது ஏதோ மந்திரச் சடங்கு மாதிரித்தான் தெரிந்தது. பின்வீட்டு அக்காவின் ஜன்னல் திரை அசைந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் நியாயமாகச் சொன்னால் அக்காவைக் குறை சொல்ல முடியாது. அமாவாசை உச்சிவேளையில் முகத்தை மூடிய ஒரு பெண், பேச்சு வார்த்தை இல்லாத வீட்டின் கூரையில், தன் பின்கதவுக்கு நேராக, உள்ளே எதையோ வைத்து ஒரு சட்டி மேல் இன்னொரு சட்டியைக் கவிழ்த்துக் கட்டினால், நானாக இருந்தாலும் செய்வினை என்றுதான் நினைப்பேன்.

மறுநாளே அவர் பின்கதவு நிலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. அடுத்த வாரம் குங்குமம் தடவிய பூசணிக்காய் ஒன்று எங்கள் சட்டியைப் பார்த்தபடி ஏறியது. அதுவும் போதவில்லை போலிருக்கிறது, சீனர் கடையிலிருந்து எட்டு மூலைக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். கெட்டது எதுவானாலும் வந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுமாம் அந்தக் கண்ணாடி. காலை வெயில் அதில் பட்டு நேராக என் அரிசி மூட்டை மேல் விழும். அரிசிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். கண்ணாடி புகையாது, பூசணிக்காய் புகையாது. ஆனால் சாம்பிராணி வெள்ளிக்கிழமையோடு நிற்காமல் தினமும் இரண்டு வேளையாகிவிட்டது. அதோடு காய்ந்த மிளகாயையும் சுற்றி நெருப்பில் போட ஆரம்பித்தார். நெடி வந்தால் கண் படவில்லை என்று அர்த்தம், வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு நெடி வரவில்லையாம். எப்படி வரும், மொத்த நெடியும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. என் கணவர் இருமி இருமி, கடையில் வெளிநாட்டுக்காரர்கள் அவரிடம் நோட்டு வாங்கவே யோசித்தார்களாம்.

நான் வாயைத் திறக்கவில்லை. பேசாதவர்களிடம் சண்டை போடுவது எப்படி? சண்டைக்காவது முதலில் பேச வேண்டுமே. மகளிடமும் சொல்லவில்லை. கூரை மேல் இருக்கிறது, உயரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து வந்து ஸ்பாஞ்சை எடுத்தவள் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது அது. பின்வீட்டுப் புகையைப் பற்றி அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் அழுது நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. இன்னும் ஒரே ஒரு தவணைதான் இருக்கிறது, மூன்று இடத்திலும் புது ஸ்பாஞ்சு போட்டுவிட்டாள், இதுவும் இப்படி ஆனால் டவுன் கணக்கே இல்லாமல் போகும் என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மா, ஆன்டிகிட்ட போய் ஒரு வார்த்தை சொல்லு மா. உனக்குக் கோவம் பெருசா, என் படிப்பு பெருசா?” என்று கேட்டாள். எனக்கு இரண்டும் பெரிசுதான். அதை அவளிடம் சொல்ல முடியுமா?

வெறுங்கையோடு எப்படிப் போவது? அலமாரி மேல்தட்டைப் பார்த்தேன். தூக்குச்சட்டி என்னைப் பார்த்தது. அன்று சாயங்காலம் பருப்பு வடை சுட்டு அதில் நிரப்பிக்கொண்டு லோரோங்கைத் தாண்டினேன். தாண்டுவதற்கு நாலு எட்டுதான். அந்த நாலு எட்டுக்கு மூன்று வருஷம்.

அக்கா கதவை முழுசாகத் திறக்கவில்லை. உங்கள் தூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்றேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தார்.

“மூணு வருஷமாவா வடை சுட்ட?”

எனக்கு வந்த பதிலை விழுங்கினேன். மகளுக்காக. அவர் தூக்கை என் பக்கமே நகர்த்தி, “மொதல்ல நீ ஒண்ணு தின்னு” என்றார். செய்வினைக்காரி வீட்டுப் பலகாரம் இல்லையா? அவர் கண் முன்னால் ஒன்றைத் தின்றேன். உப்பு கம்மி. இரண்டாவதையும் தின்னச் சொன்னார், தின்றேன். நான் சாகாமல் நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

“அக்கா, அது செய்வினை இல்லக்கா,” என்றேன். “எனக்கு ஒங்க மேல கோவம் வந்தா நேரா வாயாலதான் சொல்லுவேன். சட்டியில கட்டியா தொங்கவிடுவேன்?”

அவர் அதை யோசித்துப் பார்த்தார். “அது உண்மைதான் லா,” என்றார். உலகத்தில் என் வாய்க்கு யாரும் கொடுத்த ஒரே நற்சான்றிதழ் அது.

அப்புறம் எனக்குத் தெரிந்த வரைக்கும் விளக்கினேன். காற்றில் வருவது, எழும்புவது, இறங்குவது, கரடி, எல்லாம் சொன்னேன். எல்லைக்கோடு, சுவர் எதுவும் அதற்குக் கிடையாது என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. “அப்ப நான் அன்னைக்கே சொன்னது சரிதானே? வேலி போட முடியாதுன்னு?” என்றார். இதைப் பின்னால் மகளிடம் சொன்னபோது, என் தீசிஸ் முழுக்க ஆன்டி சொன்ன அந்த ஒரு வரிதான் மா என்று சிரிக்கிறாள். பட்டுச்சேலையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

என்ன மருந்து அது என்று அக்கா கேட்டார். முன்காலத்தில் தோட்டத்தில் பூச்சிக்கு அடித்தது, அப்புறம் தடை செய்துவிட்டார்கள் என்றேன். அவர் வடையைக் கீழே வைத்தார்.

அவர் வீட்டுக்காரர் இறந்தது எங்கள் சண்டைக்கு முந்தின வருஷம். நல்ல மனிதர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் இளவயதில் தாசேக் கெலுகோர் பக்கம் தோட்டத்தில் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்தவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உடம்பெல்லாம் மருந்து வாடை அடிக்குமாம். அக்கா அவரை உள்ளே விடாமல் பின்வாசல் படியில் உட்கார வைத்து, சுற்றிலும் சாம்பிராணி காட்டுவாராம். வாடை போன பிறகுதான் வீட்டுக்குள் வரலாம். அந்த வேலையை விட்டு டவுனுக்கு வந்த பிறகும் வெள்ளிக்கிழமையானால் மனுஷன் தானாகவே போய்ப் பின்படியில் உட்கார்ந்துகொண்டு, புகைக்கு நடுவில் கோப்பி கேட்பாராம்.

“அவரு போயிட்டாரு,” என்றார் அக்கா. “மருந்து இன்னும் போவலயா?”

அண்ணன் போன வீட்டுப் புகையை ஹாலில் வைத்துப் போடச் சொன்னவள் நான். அக்காதான் எழுந்தார். மூன்று மாதம்தானே, நான் போடவில்லை, பிள்ளை படிப்பு முக்கியம் என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அந்தப் புள்ளையிடம் தன் வீட்டுக்காரர் அடித்த மருந்தும் அதில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுச் சொல் என்றார்.

அதோடு விட்டிருந்தால் நிம்மதி. அவர் போடாதது மட்டும் இல்லை, லோரோங்கில் வேறு எவரும் தீக்குச்சி கிழிக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. பின்கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தார். குப்பை எரித்த ஒருவரைத் துரத்தினார். முன்னோர்களுக்குக் காகிதப் பணம் எரிக்கும் சீனர்களின் பேய் மாதம் வந்தபோது, பக்கத்து வீட்டுச் சீன ஆச்சியிடம் அவர்களின் ஹொக்கியன் பாஷையிலேயே அரைமணி நேரம் பேசி, காகிதம் எரிக்கும் தகர டின்னை லோரோங் முனைக்கு நகர்த்த வைத்தார். முன்னோர்களுக்கு அந்த முனையும் தெரியும்தானே என்று கேட்டாராம். ஆச்சியும் சரியென்று சொல்லி ஆரஞ்சு கொடுத்து அனுப்பினாராம்.

ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது அவர் குரல் லோரோங்கையே தூக்கியது. “தங்கச்சி, இங்க வா. தம்பி செவுத்தோரமா நின்னு பொகை வுடுது. ஸ்பாஞ்சு கெட்டுப்போவும்.” தைப்பூசத்தில் வேண்டிக்கொண்டு சிகரெட்டை விட்டுவிட்டதாக என் கணவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஈரத்தலையோடு போய்ப் பார்த்தால், மனுஷன் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு காற்றை ஆராய்ச்சி செய்கிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நெருப்பில்லாமல் புகையாது என்பது சரிதான். அந்த மிளகாய் இருமலில் பாதி மிளகாயால் வந்ததில்லை என்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்கு அவருக்குக் கிடைத்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கையில் புகைமூட்டம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ காடு எரிகிறது, கொடிமலையே காணாமல் போய்விட்டது. கிளினிக்கில் இருமல்காரர்கள் வரிசை வாசலுக்கு வெளியே நின்றது. வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், அக்கா லோரோங் நடுவில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வானத்தை முறைத்துக்கொண்டிருக்கிறார். இதற்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று என்னைக் கேட்டார். மகளுக்குப் போன் போட்டேன். புகைமூட்டத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மூன்று இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம் என்றாள். அதை அக்காவிடம் சொன்ன பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. இந்தப் பக்கம் ஒரு தீக்குச்சிக்குத் தான் இத்தனை பாடுபட, அந்தப் பக்கம் காட்டையே கொளுத்துகிறானே என்று இரவு வரைக்கும் திட்டினார்.

ஸ்பாஞ்சை எடுத்த நாளில் மகள் ஏணியில் ஏறும்போது நாங்கள் இருவரும் கீழே அண்ணாந்துகொண்டு நின்றோம். கிண்ணத்தைத் திறந்தாள். சாம்பல் நிறம், கரி இல்லை. கட்டை விரலைக் காட்டினாள். அக்கா பூசணிக்காயையும் கண்ணாடியையும் அன்றே கழற்றிவிட்டார். எலுமிச்சம்பழம் மட்டும் இருக்கட்டும் என்றார், அது பொதுவாக நல்லது.

அடுத்த வெள்ளிக்கிழமை, பழக்க தோஷம், சாயங்காலமானதும் ஓடிப்போய்த் துணியை எடுத்தேன். புகை வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. இனிமேல் போடலாமே அக்கா என்று கேட்டேன். “அந்தப் புள்ள என்னா சொல்லுதுன்னு கேட்டுட்டுப் போடுறேன்,” என்றார். தீபாவளி வந்தது, தூக்குச்சட்டி முறுக்கோடு வந்தது, அதிரசத்தோடு திரும்பிப் போனது. அவர் பின்வாசலில் புகை மட்டும் இல்லை.

சீனப் பெருநாள் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கணக்கெல்லாம் சரியாக வந்துவிட்டது, தீசிஸை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான் உடனே அவளை லோரோங்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். அக்கா பின்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“இருக்கு ஆன்டி,” என்றாள் மகள். “கொஞ்சமே கொஞ்சம். மலையிலயும் இருக்கு, தாசேக் கெலுகோர்லயும் இருக்கு, இங்கயும் இருக்கு. ஆனா எங்கேருந்து வந்துச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. அங்கிள் அடிச்சதா இருக்கலாம், வேற நாட்டுலேருந்து வந்ததாவும் இருக்கலாம்.”

அவள் இன்னும் என்னென்னமோ சொன்னாள். எத்தனை குறைவு, அதனால் உடனே ஆபத்தில்லை, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று நிறைய விவரம். அக்கா முதல் வார்த்தையை மட்டும்தான் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு, உட்கார்ந்திருந்த படியைக் கையாலேயே துடைத்தார்.

“அப்ப சாம்பிராணி போடணும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை இல்லை, அமாவாசையும் இல்லை. தட்டில் கரி சிவந்து, புகை எழும்பி, லோரோங்கைத் தாண்டி வந்தது. கொடியில் என் வேலைச் சட்டைகள், சேலை, படுக்கை விரிப்பு எல்லாம் அப்போதுதான் துவைத்துப் போட்டவை. என் கணவர் பதறிப்போய் எடுக்க ஓடினார். விடுங்கள், காயட்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார்.

திங்கட்கிழமை கிளினிக்கில் என்னோடு வேலை செய்யும் பெண் என் தோள் பக்கம் மோந்து பார்த்து, வீட்டில் நேற்று ஏதாவது விசேஷமா என்று கேட்டாள். பின்வீட்டு அண்ணன் வந்திருந்தார் என்றேன்.